கொப்பியின் ஓரத்தில் வரையும் பிள்ளை



ஜிந்துப்பிட்டியிலிருந்து ஒரு தாய் மூன்று பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாமென்று கேட்டிருக்கிறார், போடவில்லை. அவருடைய மூத்த மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறாள். கணக்குக் கொப்பியின் ஓரம், வாப்பாவின் கடை பில் புத்தகத்தின் பின்பக்கம், கலண்டர் தாள் என்று எதைக் கண்டாலும் படம் வரைகிற பிள்ளையாம். பாடசாலையில் சித்திரம் ஒரு பாடமாக இருந்தது, ஆனால் கடைசி இரண்டு வருடமும் அதற்கு ஆசிரியர் இருக்கவில்லை. பிள்ளை தானாகவே பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டாள். இப்போது, கார்ட்டூன் படங்களில் வரும் பாத்திரங்களை நடக்கவும் சிரிக்கவும் வைக்கிற கலையைத்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். வாப்பாவோ கணக்கியல் வகுப்புக்கு முற்பணமும் கட்டிவிட்டார்.

"இது ஒரு படிப்பா? இதில் ஒரு பெண் பிள்ளைக்குக் கண்ணியமான தொழில் இருக்கிறதா? என் இரண்டு கைவளையலை அடகு வைத்து அவளை ஒரு வகுப்பில் சேர்க்கலாமா?" என்று கேட்கிறார் அந்தத் தாய். வளையல் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

இது ஒரு படிப்புத்தான். அமெரிக்காவின் கலிபோர்னியா கலைக் கல்லூரியில் பாத்திர அனிமேஷன் என்றே ஒரு தனிப் பிரிவு 1975ஆம் ஆண்டு தொடங்கியது. வோல்ட் டிஸ்னி நிறுவனத்தின் பழைய கைதேர்ந்த சித்திரக்காரர்கள் ஒவ்வொருவராக ஓய்வுபெறும் வயதுக்கு வந்துவிட்டார்கள். அவர்களுடைய கைப்பழக்கம் அவர்களோடு போய்விடக் கூடாதென்று, அவர்களையே கொண்டு இளைஞர்களுக்குப் பாடம் நடத்தினார்கள். அந்த முதல் வகுப்பில் இருந்த மாணவர்களில் ஒருவர்தான் ஜோன் லசெட்டர். முழுக்க முழுக்கக் கணினியில் செய்யப்பட்ட முதல் முழுநீளப் படமான 'டோய் ஸ்டோரி'யை 1995இல் இயக்கியவர். கணினி வந்த பிறகும் அடிப்படை மாறவில்லை. டிஸ்னி கலைஞர் இருவர் தங்கள் கலையின் 12 விதிகளை 1981இல் ஒரு நூலில் எழுதி வைத்தார்கள். இன்றும் உலகமெங்கும் முதல் பாடமாக அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அந்த விதிகளில் ஒன்றை நம் குசினியிலேயே காட்டலாம். இடியப்பம் பிழிகிற உம்மாவைப் பாருங்கள். உரலை அழுத்துவதற்கு முன் தோள் இரண்டும் ஒரு கணம் மேலே எழும்பும், மூச்சு உள்ளே போகும், அதன் பிறகுதான் உடம்பின் பாரம் முழுவதும் கைக்கு இறங்கும். அந்த முன்னசைவை வரையாமல் அழுத்துவதை மட்டும் வரைந்தால், உரலுக்குள் மாவே இல்லாதது போலிருக்கும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடக்கிறவள் மறுபக்கம் சாய்வாள், வெறுங்கை தானாக வெளியே விலகும். பாரம் எங்கே இருக்கிறது, அந்த ஆள் என்ன நினைக்கிறாள், களைத்திருக்கிறாளா, கோபமாக இருக்கிறாளா என்பதையெல்லாம் அசைவிலேயே காட்டுவதுதான் பாத்திர அனிமேஷன். படம் அழகாக இருப்பது அதற்கு அடுத்த விஷயம்.

உழைப்பும் கொஞ்சமல்ல. திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு சித்திரத்தை இரண்டு தடவை காட்டினாலும் விநாடிக்கு 12 சித்திரம் வேண்டும். ஒரு நிமிடத்துக்கு 720. ஒரே முகத்தை எழுநூறு தடவை சலிக்காமல் வரையக்கூடிய பிள்ளையா என்பதுதான் பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது. அந்தத் தாயின் கடிதத்தைப் படித்தால், பில் புத்தகமே தீர்ந்துவிட்டதாம்! அந்தப் பொறுமை அவளிடம் இருக்கும் போலத்தான் தெரிகிறது.

இனி, தானாகப் பழகி இந்த வழியில் போனவர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ராம் மோகன் என்பவர் 1931இல் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படித்துப் பட்டம் பெற்றவர். ஓவியக் கல்லூரியில் பயின்றவரல்ல, படம் வரைவது அவருக்கு இயல்பாக வந்த பழக்கம். மேற்படிப்பைத் தொடர வேண்டிய நேரத்தில், 1956இல், அதை விட்டுவிட்டுப் பம்பாயில் இந்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் புதிதாக ஆரம்பித்த கார்ட்டூன் பிரிவில் போய்ச் சேர்ந்தார். இரசாயனவியல் பட்டதாரி மகன் கார்ட்டூன் வரையப் போகிறேன் என்றால் அந்தக் காலத்துப் பெற்றோருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அவருடைய நல்லகாலம், அங்கே ஒரு நல்ல உஸ்தாத் வாய்த்தார். கிளெயர் வீக்ஸ் என்ற அமெரிக்கர், டிஸ்னி நிறுவனத்தில் பல வருடம் வேலை செய்தவர். அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின் கீழ் இந்தியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்திருந்தார். இவர் பிறந்ததே இந்தியாவில்தான். அந்தப் பயிற்சியின் பலனாக 1957இல் 'ஆலமரத்து மான்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு குறும்படம் வெளிவந்தது. புத்த ஜாதகக் கதையொன்றை வைத்துச் செய்தது. நம் நாட்டில் சிங்களப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த கதை. பாடம் டிஸ்னியிடமிருந்து வந்தாலும், சித்திரத்தின் சாயலை அஜந்தா சுவரோவியங்களிலிருந்து எடுத்தார்கள்.

ராம் மோகன் பிலிம்ஸ் டிவிஷனில் பத்து வருடத்துக்கு மேல் இருந்தார். பிறகு தனியார் நிறுவனமொன்றில் அனிமேஷன் பிரிவின் தலைவராகி, 1972இல் சொந்த நிறுவனம் ஆரம்பித்தார். சத்யஜித் ராயின் 1977ஆம் ஆண்டுப் படமான 'சத்ரஞ்ச் கே கிலாடி'யில் வரும் கார்ட்டூன் பகுதி அவருடையது. இந்திய அரசு 2014இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. 2019 ஒக்டோபரில், 88 வயதில் காலமானார்.

இவரை நான் தேர்ந்தெடுத்ததற்கு முக்கிய காரணம் வேறு. அதுதான் மீனா. சார்க் நாடுகள் 1991 முதல் 2000 வரையான பத்தாண்டைப் பெண் பிள்ளைகளின் பத்தாண்டு என்று அறிவித்திருந்தன. அந்தக் காலத்தில் யுனிசெப் நிறுவனம், தெற்காசியப் பெண் பிள்ளை ஒருத்தியைக் கதாநாயகியாக வைத்து ஒரு கார்ட்டூன் தொடர் செய்ய விரும்பியது. பங்களாதேஷ், இந்தியா, நேபாளம், பாக்கிஸ்தான் நான்கிலும் பார்க்கிறவர்கள் அவளைத் தங்கள் வீட்டுப் பிள்ளை என்று நினைக்க வேண்டும். அப்படியொரு முகத்தை வரைவது எவ்வளவு கஷ்டம்! சேலை கட்டினால் ஒரு நாடு, ஷல்வார் போட்டால் இன்னொரு நாடு. மாதிரிச் சித்திரங்களைக் கிராமங்களுக்குக் கொண்டு போய்த் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் காட்டிக் கேட்டுத்தான் முடிவு செய்தார்கள். கடைசியில் நீளப் பாவாடையும் மேற்சட்டையுமாக ராம் மோகனின் கையில் மீனா உருவானாள். பெயரும் அப்படித்தான், எல்லா வீட்டிலும் செல்லக்கூடிய பெயர். நம் காதுக்கு அமீனாவைச் சுருக்கியது போலவும் கேட்கிறது. ஆரம்பப் படங்களின் சித்திர வேலை பிலிப்பைன்ஸின் மணிலாவில் நடந்தது.

முதல் கதைகளில் ஒன்றில், தம்பி ராஜு பள்ளிக்குப் போகிறான், மீனாவை வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். மீனாவின் கிளி மிட்டு வகுப்பு ஜன்னலில் உட்கார்ந்து வாய்ப்பாட்டைக் கேட்டு வந்து அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறது. அந்தக் கணக்கை வைத்துக் கோழிகளை எண்ணிப் பார்க்கிறாள் மீனா. ஒன்று குறைகிறது. கள்வன் பிடிபடுகிறான். எண்ணத் தெரிந்த மகளின் பெறுமதி வாப்பாவுக்கு அப்போதுதான் விளங்குகிறது. இன்னொரு கதையில் மாம்பழத்தின் பெரிய துண்டு ராஜுவுக்கு, சின்னத் துண்டு மீனாவுக்கு. நம் வீடுகளில் பெரிய மீன்துண்டு யாருடைய கோப்பையில் விழுகிறது என்பதை நான் இங்கே கேட்கப் போவதில்லை.

ஆக, பென்சில் பிடித்த ஒரு கை இத்தனை வீடுகளுக்குள் நுழைந்து பேசியிருக்கிறது. கண்ணியமான தொழிலா என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இது.

மார்க்க விஷயத்தையும் விட்டுவிட முடியாது. அந்தத் தாய் எழுதாவிட்டாலும் அவர் மனதில் அது இருக்கும். உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. முற்றாகக் கூடாது என்பவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளின் கல்விக்காகவும் விளையாட்டுக்காகவும் செய்வதை வேறாகப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் விளையாட்டுப் பொம்மைகளும் சிறகு வைத்த குதிரையும் இருந்ததையும், நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டு சிரித்ததையும் எடுத்துக்காட்டுவார்கள். நான் பத்வா கொடுக்கிற ஆளல்ல. உங்கள் குடும்பம் நம்புகிற ஆலிம் ஒருவரிடம், பிள்ளை வரைந்ததைக் கையில் கொண்டு போய்க் காட்டிக் கேளுங்கள். "படம் வரையலாமா?" என்று மொட்டையாகக் கேட்பதைவிட, எதை, எதற்காக வரைகிறாள் என்று சொல்லிக் கேட்பது நல்லது.

அண்மைக் காலத்து உதாரணமும் வேண்டுமா? கராச்சியைச் சேர்ந்த உஸ்மான் ரியாஸ் கிட்டாரை இணையத்தில் பார்த்துத் தானே கற்றுக்கொண்டு பெயரெடுத்தவர். சிறுவயதிலிருந்தே படம் வரைகிறவர். பாக்கிஸ்தானில் கையால் வரைந்த முழுநீளக் கார்ட்டூன் படம் ஒன்றுமே இல்லாத நிலையில், தானே ஒரு கூடத்தை ஆரம்பித்தார். 2016இல் இணையத்தின் மூலம் பொதுமக்களிடமிருந்து ஒரு இலட்சம் டொலருக்கு மேல் சேர்த்தார். வேலை தெரிந்தவர்கள் கிடைக்காததால் அங்கேயே பழக்கி எடுத்தார்கள். கண்ணாடி ஊதும் தகப்பனும் மகனும் போர்க்காலத்தில் படும் பாட்டைச் சொல்லும் அந்தப் படம் 2024 ஜூலையில் பாக்கிஸ்தானில் திரைக்கு வந்தது. அவருடைய மனைவி மர்யமும் அந்த வேலையில் கூட நின்றவர். ஏறக்குறைய பத்து வருட உழைப்பு. ஒரு படத்துக்குப் பத்து வருடமா என்று வாப்பாமார் மலைக்கலாம், மலைக்கத்தான் வேண்டும்.

இனி ஜிந்துப்பிட்டிக்கு வருவோம். கலிபோர்னியாக் கல்லூரியின் செலவு நம்மில் பெரும்பாலானோர் நினைத்தும் பார்க்க முடியாதது. அதை இப்போதே பிள்ளையின் கண் முன்னால் தொங்கவிட வேண்டாம். ஆனால் அப்படிப்பட்ட கல்லூரிகள் சேரும் பிள்ளையிடம் எதைக் கேட்கின்றன என்று தெரிந்துகொள்வதற்குச் செலவில்லை. சினிமாப் பாத்திரங்களைப் பார்த்து எழுதிய பிரதிகள் அவர்களுக்குத் தேவையில்லை. கண்ணால் கண்ட மனிதர்களை, மிருகங்களை, இடங்களை வரைந்த கொப்பிதான் வேண்டும். அதற்கு ஜிந்துப்பிட்டியைவிட நல்ல இடம் ஏது? மூட்டை தூக்கும் நாட்டாமிகள், செட்டியார் தெருவில் நகை பார்த்து நிற்கும் பெண்கள், கோயில் வாசலில் பூ கட்டுகிறவர்கள், தறாசு பிடிக்கிற கடைக்காரர், கொச்சிக்கடைப் பக்கம் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள். வீட்டு ஜன்னலிலிருந்தே ஒரு நாளைக்கு இருபது பேரை வரையலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்கக் கூடாது, அழிறப்பர் தொடக் கூடாது. பக்கத்துக்கு அடியில் திகதி போட வேண்டும்.

அசைவைப் பழக, பழைய கொப்பியின் மூலையில் ஒரு பந்து விழுந்து எழும்புவதை இருபத்துநாலு தாளில் வரைந்து விரலால் விசிறிப் பார்க்கட்டும். பந்து சரியாக வந்தால் மாவுப் பை, மாவுப் பை சரியாக வந்தால் மனிதன். வீட்டில் கணினி இருந்தால் பிளெண்டர், பென்சில்2டி போன்ற மென்பொருட்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இலவசப் பொருள்தானே என்று இளப்பமாக நினைக்க வேண்டாம். லத்வியா என்ற சின்ன நாட்டைச் சேர்ந்த கின்ட்ஸ் ஸில்பலோடிஸ், அனிமேஷனைத் தானாகப் பழகியவர். ஒரு பூனையைப் பற்றிய அவருடைய 'ஃப்ளோ' என்ற படம் பிளெண்டரில் செய்யப்பட்டு 2025இல் ஒஸ்கார் பெற்றது. அதில் ஒரு வார்த்தை வசனமும் இல்லை.

படிப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. உயர்தரத்தில் கலைப் பிரிவு எடுத்தால் சித்திரமும் ஒரு பாடம். கொழும்பில் கட்புல அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம் இருக்கிறது. மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் சித்திரத் துறைப் பட்டத்தைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்தில் வைத்திருக்கின்றன. வாப்பா பணம் கட்டிய கணக்கியல் வகுப்புக்கும் அவள் போகட்டும். சொந்தமாகச் சித்திர வேலை எடுத்துச் செய்கிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் பில்லிலும் வரியிலும்தான்.

வளையலுக்கு வருகிறேன். இப்போது அடகு வைக்க வேண்டாம், சகோதரி. ஆறு மாதத்தில் அனிமேஷன் டிப்ளோமா என்று கவர்ச்சியாக விளம்பரம் செய்கிற இடங்களில் பல, கணினியில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொல்லிக் கொடுத்து அனுப்பிவிடும். வரையத் தெரியாதவர் அதை முடித்தாலும் வரையத் தெரியாதவராகவே வெளியே வருவார். ஒரு வருடம் பிள்ளை கொப்பி நிரப்பட்டும். அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லையென்றால், வாப்பாவையும் கூட்டிக்கொண்டு அப்படியொரு இடத்துக்குப் போய் மூன்று விஷயம் கேளுங்கள்: சென்ற வருடம் படித்து முடித்த பிள்ளைகள் செய்த படத்தைக் காட்ட முடியுமா, படிப்பிக்கிறவர் தாமே செய்த படம் எங்கே, பென்சிலும் தாளும் கொடுத்து வரையவைக்கிற மணித்தியாலம் வாரத்துக்கு எத்தனை. காட்டத் தயங்கினால் வளையலோடு வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுங்கள்.