வைடன் பண்ணினது யாரு?

போன கிழமை ஒருநாள் சாயங்காலம் தம்பி இங்கிலிஷ் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஓ.எல். எழுதப்போகிற பிள்ளை. டியூஷனில் நாலு சொல் கொடுத்து வசனம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்: வைடன், ப்ரோடன், எக்ஸ்பாண்ட், எக்ஸ்டெண்ட். முதல் சொல்லுக்குப் பக்கத்தில் தமிழில் "விரிவாக்கு" என்று இருந்தது. மற்ற மூன்றுக்கும் பக்கத்தில் "மேற்படி".

அவன் எழுதியிருந்த வசனங்களைத் தமிழில் சொன்னால் இப்படி: மாமா கடையை வைடன் பண்ணினார். பெரியப்பா கட்டார் விசாவை வைடன் பண்ணினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சிரிக்காத அக்கா, அர்த்தம் அதானே?"

அவன் கேட்டது நியாயம். கொடுத்த அர்த்தத்தை வைத்துத்தானே எழுத முடியும்? நாலு சொல்லுக்கும் ஒரே தமிழைக் கொடுத்துவிட்டு, பிள்ளை மாற்றி எழுதினால் சிவப்பு மையால் கோடு போடுவது அநியாயம்.

வைடன் என்று வந்தால் மனசில் இரண்டு ஓரங்களை வைத்துப் பார்க்கணும். இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவில் இருக்கிற இடம் கூடுகிறது. ரோடு, வாசல், வாய்க்கால், ஆச்சரியத்தில் கண். அறிவுக்கும் அனுபவத்துக்கும் ப்ரோடன் பொருந்தி வரும் (அங்கேயும் சிலர் வைடன் போடுவார்கள், பிழையில்லை). கடையும் கம்பனியும் சூடான இரும்பும் எக்ஸ்பாண்ட். விசாவும் தவணையும் நீளுகிற விஷயங்கள், அதனால் எக்ஸ்டெண்ட். இதெல்லாம் தமிழில் நாமே பிரித்துத்தான் பேசுகிறோம். விசாவை நீடிக்கிறோம், வியாபாரத்தைப் பெருக்குகிறோம், மனசு விசாலமானவர் என்கிறோம், கடன் வாங்கிக் கடை போடுகிறவனைப் பார்த்து அகலக்கால் வைக்காதே என்கிறோம். தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. சொற்பட்டியல் போட்டவருக்குத்தான் சோம்பல்.

சரி, அவனுக்கு உதாரணம் சொல்ல எங்கேயும் போகத் தேவையில்லை. நாங்கள் இருப்பது கட்டுகஸ்தோட்டை. யாழ்ப்பாணம் வரைக்கும் போகிற ஏ9 வீதி கண்டியில் தொடங்கி எங்கள் ஊருக்குள்ளால்தான் போகிறது. குருநாகல் வழியாகப் புத்தளம் போகிற ஏ10 வீதி தொடங்குவதே எங்கள் ஊரில். இரண்டு பக்கத்து வாகனமும் காலையில் இங்கே வந்து சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஸ்கூல் போனவர்களுக்குத் தெரியும். ஆமை வேகம் என்று சொன்னால் ஆமைக்குக் கோபம் வரும். பஸ்ஸில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "இந்த ரோட்ட பெருசாக்கணும்."

அந்த வசனத்தை இங்கிலிஷில் எழுதப் போனபோதுதான் எனக்கே ஒன்று பிடிபட்டது. அந்த மொழியில் ரோடும் வைடன் ஆகும், ஆட்களும் ரோட்டை வைடன் பண்ணுவார்கள். தானாக நடந்ததுக்கும் ஒருவர் செய்ததுக்கும் வினைச்சொல் ஒன்றே. தமிழில் அப்படித் தப்ப முடியாது. விரிந்தது வேறு, விரித்தார்கள் வேறு. பெருகியது வேறு, பெருக்கினார்கள் வேறு. தன்வினை, பிறவினை என்று பாடமாக்கிப் பரீட்சை எழுதிவிட்டு மறந்துபோனோமே, அதேதான்.

அகல் என்ற வினையை எடுத்துப் பாருங்கள். அகலமாவது என்றும் அர்த்தம், விலகிப் போவது என்றும் அர்த்தம். அதன் பிறவினை அகற்று. பழைய தமிழில் அதற்கு அகலமாக்கு என்றும் பொருள் இருந்தது. இன்றைக்கு நமக்கு மிஞ்சியிருப்பது அப்புறப்படுத்து என்பது மட்டும். ஒரு ரோடு அகலமாகணும் என்றால் ஓரத்தில் இருக்கிற ஏதோ ஒன்று அகலணும். பெட்டிக்கடையோ, மரமோ, யாருடைய வீட்டு முன்வாசலோ. வைடன் என்ற சொல்லைக் கேட்டால் அகலம் மட்டும் தெரியும். நம்முடைய சொல்லில் இரண்டும் ஒன்றாக நிற்கின்றன. ரோடு பெருசாகக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நானும் அந்த பஸ்ஸில்தான் போகிறேன்.

இதைவிட என்னை உறுத்துவது "இடைவெளி" என்ற சொல்லோடு வைடன் வரும் இடம். இங்கிலிஷ் பேப்பரைத் திறந்தால் ஏதாவது ஒரு மூலையில் ஓர் இடைவெளி வைடன் ஆகிக்கொண்டிருக்கும். பணக்காரன் ஏழை இடைவெளி, நகரம் தோட்டம் இடைவெளி. மழை பெய்தது போல அதுவாக நடந்திருக்கும். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம். அப்போதும் சட்டப்படியான சம்பளம் அதே 1,000. மாவு வாங்கப் போன அம்மாமாருக்கு இடைவெளி என்ற சொல் தெரிந்திருக்கத் தேவையில்லை, கையில் மிஞ்சின சில்லறையே சொல்லியிருக்கும். இதை "இடைவெளி கூடியது" என்று எழுதலாம். "இடைவெளியைக் கூட்டினார்கள்" என்றும் எழுதலாம். இரண்டாவதை எழுதினால் அடுத்த கேள்வி வந்தே தீரும்.

தமிழ் பேசினால் எல்லாரும் நேர்மையாகிவிடுவோம் என்றும் இல்லை. "அதிகரித்துள்ளது", "அகலிக்கப்பட்டது" என்று செய்தித் தமிழிலும் ஆளை ஒளித்து வைக்க நாம் நன்றாகப் பழகிவிட்டோம். இங்கிலிஷிலும் செய்தவர் பெயரைப் போட்டு எழுத இடம் இருக்கிறது, போட மனசு வேணும்.

தம்பியிடம் இவ்வளவும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நாள் கொப்பியோடு வரமாட்டான். எது அகலமாகுது, யார் அகலமாக்கினது, இரண்டையும் யோசித்துவிட்டு எழுது என்றேன். கொஞ்ச நேரம் பேனையைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுதிக் காட்டினான். "தே வைடன்ட் த ரோட்."

"சரி. யாருடா அந்த 'தே'?"

"அது மார்க்ஸுக்கு வராது அக்கா" என்று சொல்லிவிட்டுக் கொப்பியை மூடினான்.