ஃபிரிட்ஜில் ஒட்டாத காந்தம்... நாளைய மெமரி இதிலா?

"போன் பக்கத்துல காந்தத்தைக் கொண்டு போகாதே, எல்லாம் அழிஞ்சிடும்!" எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் இப்படிச் சொல்வார்.

உங்கள் போட்டோக்களுக்கு அந்தப் பயம் வேண்டாம். போனில் இருப்பது ஃபிளாஷ் மெமரி. அதில் தகவல் மின்னூட்டமாகப் பதிகிறது, காந்தமாக அல்ல. ஆனால், அதே போட்டோவை 'கிளவுட்'டில் ஏற்றினால், எங்கோ ஒரு டேட்டா சென்டரின் ஹார்டு டிஸ்க்கில் போய் உட்கார வாய்ப்பு அதிகம். அங்கே எழுத்தே காந்தம்தான். காந்தத்தால் எழுதியதை, வலுவான இன்னொரு காந்தம் அழித்துவிடும்.

அவ்வளவு சுலபத்தில் அழியாத காந்தம் இருக்கிறதா? இருக்கிறது. ஆனால், அது ஃபிரிட்ஜ் கதவில்கூட ஒட்டாது!

எதிரும் புதிரும்

சாதாரணக் காந்தத்துக்குள் ஒவ்வோர் இரும்பு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். எல்லாம் ஒரே திசையைப் பார்ப்பதால் மொத்தமாகச் சேர்ந்து இழுக்கின்றன. சில பொருள்களில் கதையே வேறு. ஓர் அணு மேலே பார்த்தால், பக்கத்து அணு கீழே பார்க்கும். ஒன்றை ஒன்று சமன் செய்துவிடுவதால் வெளியே இழுவிசை எதுவும் தெரியாது. இவற்றுக்குப் பெயர் 'ஆன்டிஃபெரோமேக்னட்'.

இப்படி ஒரு ஒழுங்கு இருக்க முடியும் என 1930-களில் சொன்னவர் பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நீல். 1949-ல் அமெரிக்காவின் கிளிஃபோர்டு ஷல், மாங்கனீஸ் ஆக்ஸைடுக்குள் நியூட்ரான்களைச் செலுத்தி அதை உறுதி செய்தார். 1970-ல் நோபல் பரிசு பெற்ற நீல், 'ஆராய்ச்சிக்கு சுவாரஸ்யமானவை, ஆனால் பயன்பாடு இருப்பதாகத் தெரியவில்லை' என்ற அர்த்தத்தில்தான் தன் உரையில் பேசினார்.

காலம் வேறு பதில் சொன்னது. 1997-ல் ஐ.பி.எம். ஹார்டு டிஸ்க்குகளில் புதுவகை 'ரீடு ஹெட்' வந்தது. அதில் பக்கத்துக் காந்த அடுக்கு திசை மாறாமல் பிடித்து வைத்திருப்பது ஒரு மெல்லிய ஆன்டிஃபெரோமேக்னட் படலம்தான்.

கோலம் கோணினால்...

இப்போது விஞ்ஞானிகள் கண் வைத்திருப்பது இன்னொரு வகை மீது. ஒரு புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுப்புள்ளிக்கு ஒரு பக்கம் ஒரு சுழி இருந்தால், நேர் எதிரே அதே தூரத்தில் அதே சுழி இருக்கும். பல படிகங்களிலும் அணுக்கள் இப்படித்தான் அமைந்திருக்கும். சிலவற்றில் மட்டும் இந்தச் சமச்சீர் உடைந்திருக்கும்.

பிஸ்மத் ஃபெரைட் அதில் ஒன்று. இதில் பிஸ்மத்தும் இரும்பும் கொஞ்சம் ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்திருக்கின்றன. அதனால் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று, படிகத்தின் ஒரு பக்கம் பிளஸ், மறுபக்கம் மைனஸ் என மின்சாரத் திசை உருவாகிறது. இரண்டு, எதிரெதிரே நிற்க வேண்டிய குட்டிக் காந்தங்கள் நேராக நிற்காமல் சில டிகிரி சாய்கின்றன. இந்தச் சாய்வுக்கான காரணத்தை 1950-களின் கடைசியில் சோவியத் விஞ்ஞானி இகோர் ஜாலோஷின்ஸ்கியும், 1960-ல் ஜப்பானின் டோரு மோரியாவும் விளக்கினார்கள்.

ஒவ்வோர் அணுவாகச் சாய்ந்து சாய்ந்து, உருளும் சக்கரத்தின் ஆரக்கால்போல காந்தத் திசை முழுவதுமாக ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. ஒரு சுற்றின் நீளம் சுமார் 62 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் சுமார் ஆயிரம் சுற்றுகள் அடங்கும்! 1982-ல் போலந்து இயற்பியலாளர் இசபெலா சோஸ்னோவ்ஸ்காவும் சக ஆய்வாளர்களும் நியூட்ரான் சோதனையில் இதைக் கண்டுபிடித்தார்கள்.

காந்தம் அசைக்காது, மின்சாரம் திருப்பும்

இந்தச் சுழலைக் குலைக்க சுமார் 18 முதல் 20 டெஸ்லா காந்தப்புலம் வேண்டும். மருத்துவமனை எம்.ஆர்.ஐ. இயந்திரமே பொதுவாக 1.5 அல்லது 3 டெஸ்லாதான்.

காந்தத்துக்கு மசியாத இது, மின்சாரத்துக்கு வளைந்து கொடுக்கிறது. 2017-ல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் நுண்ணிய வைர முனையை உணர்கருவியாக வைத்து இந்தச் சுழலைப் படமெடுத்தார்கள். மின்புலத்தைக் கொடுத்து அதன் திசையையும் மாற்றிக் காட்டினார்கள். அதுவும் சாதாரண அறை வெப்பநிலையில்!

இது ஏன் முக்கியம்? டேட்டா சென்டர்கள் இன்று உலக மின்சாரத்தில் சுமார் 1.5 சதவிகிதத்தை உறிஞ்சுகின்றன. அதில் கணிசமான பகுதி வெப்பமாகி, அதைக் குளிர்விக்க மேலும் மின்சாரம் போகிறது. கம்பியில் மின்னோட்டத்தை ஓடவிட்டு எழுதுவதைவிட, மின்புலத்தால் மட்டும் எழுதினால் செலவாகும் ஆற்றல் குறையும். ஒரு பிட்டின் காந்தம் பக்கத்து பிட்டைத் தொந்தரவு செய்யாது என்பதால், நெருக்கமாகவும் அடுக்கலாம்.

சிக்கலும் இருக்கிறது. வெளியே காந்தம் தெரியாததுதான் இதன் பலம்; அதுவே பலவீனமும்கூட. எழுதியதைத் திரும்பப் படிப்பது கஷ்டம். பிஸ்மத் ஃபெரைட் படலங்களில் மின்கசிவுத் தொல்லையும் உண்டு. இது கடைக்கு வரவில்லை, இன்னும் ஆய்வகத்தில்தான் இருக்கிறது.

எனவே, 'புது காந்த மெமரி வந்தாச்சு' என்று வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். அறை வெப்பநிலையில் வேலை செய்கிறதா? எழுதியதைச் சுலபமாகப் படிக்க முடிகிறதா? கோடி முறை எழுதினாலும் தாங்குமா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்று பதில் வந்தால் மட்டும் ஷேர் பண்ணுங்கள்!