வெள்ளையடித்தால் போதுமா?

பள்ளிக்கூடங்களைத் திருத்த வேண்டும் என்று பேச்சு எழுந்தால் நம்மவர்கள் உடனே மூன்றைச் சொல்வார்கள்: நல்ல கட்டடம், கம்ப்யூட்டர், இங்கிலீஷ் மீடியம். கொஞ்சம் கோபக்காரராக இருந்தால், "ஃபெயில் போடுவதை நிறுத்தினார்கள், அன்றைக்கே படிப்பு போயிற்று" என்பார். நான் கல்வியாளன் அல்லன். டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்பிலேயே காலத்தைக் கழித்தவன். பராமரிப்பு என்றால் என்ன என்று ஓரளவு தெரியும். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

பெரிய அதிகாரி ஆண்டு ஆய்வுக்கு வருகிறார் என்றால் ஸ்டேஷனுக்கு வெள்ளையடிப்பார்கள், பூந்தொட்டி வைப்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் வண்டி கவிழாமல் போவது பூந்தொட்டியால் அல்ல. கீமேன் என்ற தொழிலாளி தினமும் தன் பங்குக்குரிய தூரத்தை நடந்து, ஒவ்வொரு பிடிமானமும் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, தளர்ந்திருப்பதை அங்கேயே சுத்தியலால் தட்டிச் சரிசெய்துவிட்டுப் போகிறார். வெயிலோ மழையோ, அந்த நடை நிற்காது. பள்ளிக்கூடத்தில் அந்தக் கீமேன் வேலையைச் செய்பவர் யார் என்பதுதான் என் கேள்வி.

நம் மும்பையில் 1990களில் தோன்றிய 'பிரதம்' என்ற தொண்டு நிறுவனம், 2005 முதல் 'அசர்' என்ற பெயரில் ஓர் ஆய்வு நடத்தி வருகிறது. கிராமங்களில் வீடு வீடாகப் போய், பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார்கள். முதலில் எழுத்து, பிறகு சொல், பிறகு சிறு பத்தி, கடைசியில் இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சின்னக் கதை. அவ்வளவுதான் பரீட்சை. 2024ஆம் ஆண்டு ஆய்வில், அரசுப் பள்ளிகளின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் 100க்கு 45 பேரால்தான் அந்தக் கதையைப் படிக்க முடிந்தது. மூன்றாம் வகுப்பில் 23 பேர். கொரோனாவுக்குப் பின் 2022இல் அது 16ஆக இருந்தது, ஏறியிருக்கிறது, ஒப்புக்கொள்ள வேண்டும். "நாங்கள் ஃபீஸ் கட்டித் தனியார் பள்ளியில் சேர்த்திருக்கிறோம்" என்று யாரும் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். அங்கேயும் ஐந்தாம் வகுப்பில் ஏறத்தாழப் பத்துக்கு நான்கு பேர் திணறியிருக்கிறார்கள். இது கிராமத்துக் கணக்கு; நகரத்துக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

இது எப்படி வெளியே தெரியாமல் போகிறது? ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் ஐந்தாம் வகுப்புப் போர்ஷனை முடித்தாக வேண்டும். படிக்கத் தெரியாத பிள்ளை கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நோட்டு நிறைந்திருப்பதைப் பார்த்துப் பெற்றோருக்கும் சந்தோஷம். எழுதியதை வாசித்துக்காட்டச் சொன்னால்தான் விஷயம் தெரியும். அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வடோதராவிலும் மாநகராட்சிப் பள்ளிகளில் ஒரு முயற்சி நடந்தது. அதே வட்டாரத்தைச் சேர்ந்த, ஓரளவு படித்த இளம்பெண்களை 'பால்சகி' என்று நியமித்தார்கள். வகுப்பில் பின்தங்கிய 15, 20 பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் தனியே அழைத்துப்போய், அடிப்படை எழுத்தையும் கணக்கையும் சொல்லிக்கொடுப்பது அவர்கள் வேலை. மிகவும் பின்தங்கியிருந்த பிள்ளைகளே அதிகம் முன்னேறினார்கள். இதைக் கணக்கெடுத்து ஆராய்ந்தவர்களில் இருவர், மும்பையில் பிறந்த அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும், 2019இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். முயற்சி முடிந்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோது பலனில் ஒரு பகுதி கரைந்துவிட்டிருந்தது. எனக்கு இதில் வியப்பில்லை. ஒருமுறை தட்டி இறுக்கியது என்றைக்கும் இறுக்கமாகவே இருக்குமா?

"வாத்தியார்கள் சரியில்லை" என்பவர்களுக்குப் பீகார் கணக்கைச் சொல்கிறேன். 2008 கோடை விடுமுறையில் அரசுப் பள்ளி ஆசிரியர்களையே வைத்து வாசிப்பு முகாம் நடத்தினார்கள். பிள்ளைகள் நன்றாக முன்னேறினார்கள். பிறகு பள்ளி நாட்களில், ஆசிரியர்களுக்கு அதே முறையில் பயிற்சியும் பாடப்பொருளும் மட்டும் கொடுத்துப் பார்த்தபோது பலன் இல்லை. ஆசிரியர்களுக்குத் திறமை இருந்தது, நேரம்தான் இல்லை, போர்ஷன் விழுங்கிவிட்டது. 2012-13இல் ஹரியானாவில் தினமும் ஒரு மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்கி, வகுப்பைப் பாராமல் வாசிக்கும் திறனைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைத்தார்கள். கல்வித்துறையின் மேற்பார்வையாளர்களும் நேரில் வந்து கவனித்தார்கள். அப்போது பலன் கிடைத்தது.

ஃபெயில் போடும் விவகாரத்துக்கு வருகிறேன். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. 2019இல் அதைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் நிறுத்தலாமா என்பதை அந்தந்த அரசுக்கே விட்டார்கள். மத்திய அரசு 2024 டிசம்பரில் தன் பள்ளிகளுக்கு அதைக் கொண்டுவந்தது. ஐந்தாம் வகுப்பில் நிறுத்திவைப்பது என்பது, முதல் வகுப்பில் கழன்ற ஆணியை ஐந்தாம் மைலில் வண்டி தடம் புரண்டபின் கண்டுபிடிப்பது. சரி, நிறுத்திவைத்து என்ன செய்வார்கள்? அதே பாடத்தை அதே வேகத்தில் இன்னொரு முறை நடத்துவார்கள். எல்லாரையும் பாஸ் போட்டதும் தப்பித்துக்கொள்ளும் வழிதான், ஃபெயில் போடுவதும் அப்படியே.

நம் குடும்பங்களுக்கு இதில் தனிச்சிக்கல் ஒன்று உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளிப் புத்தகம் இங்கிலீஷ். 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி மகாராஷ்டிரத்தில் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயம். நான்கு மொழியும் காதில் விழுகிறது. எதிலும் சரளமாகப் படிக்க வரவில்லை என்று ஆகிவிடக்கூடாதல்லவா? தாராவியில் வந்து குடியேறிய நம் திருநெல்வேலிக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில்தான் எழுத்தறிந்தார்கள். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியத்துக்கு அனுப்புகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. நம்மில் எத்தனை பேர் தமிழ் மீடியத்தில் போட்டோம்? ஆனால் தமிழ் படித்த தாய், பிள்ளையின் தமிழ் நோட்டைப் பார்த்தால் தப்பு எது என்று சொல்லிவிடுவாள். இங்கிலீஷ் நோட்டின் முன்னால் அவள் வாயடைத்துப்போகிறாள். வீட்டிலிருந்த ஒரே கீமேனையும் வேலையைவிட்டு அனுப்பிய மாதிரிதான். ஏதாவது ஒரு மொழியில் தட்டுத்தடுமாறாமல் வாசிக்க முதலில் பழக்க வேண்டும், அது எந்த மொழியானாலும் சரி என்பது என் கட்சி.

ஊரில் 2021இல் 'இல்லம் தேடிக் கல்வி' என்று தொடங்கினார்கள். தெருவிலுள்ள படித்த பெண்களே மாலையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கொரோனாவில் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் திரும்பிவிட்டது என்றும், அப்படித் திரும்பியதில் ஏறத்தாழக் கால் பங்கு இத்திட்டத்தால்தான் என்றும் கார்த்திக் முரளிதரன் முதலியோர் கணக்கிட்டிருக்கிறார்கள். இதற்குக் கட்டடம் தேவைப்படவில்லை, ஒரு திண்ணை போதுமாயிருந்தது.

இனி நம் சங்க விஷயம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆண்டுதோறும் பத்திலும் பன்னிரண்டிலும் அதிக மார்க் எடுத்தவர்களுக்குக் கேடயம், பொன்னாடை, ரொக்கம் தருகிறோம். தரட்டும். அவர்கள் நாம் தராவிட்டாலும் முன்னுக்கு வந்துவிடுவார்கள். அந்தத் தொகையில் பாதியை ஒதுக்கினால் ஒரு கதைத்தாள் அச்சடிக்கலாம், படித்துவிட்டு வீட்டிலிருக்கும் நம் பெண்கள் நான்கைந்து பேருக்குச் சிறிய சம்பளம் தரலாம், வாரநாட்களில் மாலை இரண்டு மணி நேரம் சங்கக் கூடத்தைத் திறந்துவைக்கலாம். அந்த நேரத்தில் கூடம் பெரும்பாலும் பூட்டித்தானே கிடக்கிறது?

மாநகராட்சி, உதவிபெறும் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. கல்வி உரிமைச் சட்டப்படி அங்கே பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அடுத்த கூட்டத்தில் கையெழுத்துப் போடுமுன், "இந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இரண்டாம் வகுப்புக் கதையைத் தானாகப் படிக்கிறார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். கணக்கு இல்லை என்றால், எடுக்க எத்தனை நாள் ஆகும் என்று கேளுங்கள். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தாலும் 40 பேருக்கு நான்கு மணி நேரம் ஆகாது. அதற்கும் ஆள் இல்லை என்றால், தலைமையாசிரியர் சம்மதித்தால், நான் வந்து உட்காரத் தயார்.