38,000 ரூபாய் தூண்டிலும் மூணு ஜிலேபியும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ஆனா போன ஞாயித்துக்கிழமை நடந்ததை எழுதலன்னா எனக்குத் தூக்கம் வராது.

எங்க தெருப் பையன் ஒருத்தன். தேரடி வீதிப் பக்கம் துணிக்கடையில வேலை, மாசம் 12,000 சம்பளம். எங்கூட நாலஞ்சு தடவை ஏரிக்குத் தூண்டில் போட வந்திருக்கான். அன்னிக்குக் காலையில போனைத் தூக்கிட்டு ஓடி வந்தான். "அண்ணா, ஃப்ளை ஃபிஷிங் செட்டுண்ணா! ராடு, ரீலு, லைனு எல்லாம் சேர்த்து 38,000. இ.எம்.ஐ. உண்டு. போட்டுடட்டுமா?"

மூணு மாசச் சம்பளத்துக்கு மேல சாமி. யூட்யூப்ல எவனோ பனி ஓடையில நின்னு சாட்டை மாதிரி வீசறதைப் பாத்துட்டு இவன் கவுந்துட்டான்.

தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் விளக்கம். நம்ம தூண்டில்ல ஈயக்குண்டோட கனம்தான் இரையைத் தூரமா கொண்டு போகும், நரம்பு சும்மா பின்னாலேயே ஓடும். ஃப்ளையில இது தலைகீழ். முள்ளுல இறகும் நூலும் சுத்திக் கட்டின போலிப் பூச்சி, அதுக்குக் கனமே கிடையாது. அதனால லைனையே தடியா, கனமா செஞ்சு, முன்னும் பின்னும் வீசி, அந்த வேகத்துல பூச்சியைக் கொண்டு போய்ப் போடறாங்க. லைனோட முதல் 30 அடி எவ்வளவு கனம்னு பாத்து நம்பர் கொடுப்பாங்க. 5ஆம் நம்பர்னா அந்த 30 அடி சுமார் 9 கிராம். 5ஆம் நம்பர் ராடுக்கு 5ஆம் நம்பர் லைன் போடணும். சூட்சுமம் அவ்வளவுதான்.

இதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்? நானும் சூடு கண்ட பூனைதான். ஆசிரமத்துப் பக்கம் குடியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் வீட்டைக் காலி பண்றப்போ, 9 அடி கார்பன் ராடும் ரீலும் 7,000 ரூபாய்க்குக் கொடுத்தார். அள்ளிக்கிட்டு வந்தேன். வீட்டம்மாகிட்ட 2,000னு சொன்னேன், அது தனிக்கதை :-)

மொதல் நாள் ஏரிக்கரையில நின்னு வீசினேன். முன்னால 30 அடி போகணும்னா பின்னாலயும் 30 அடி காலியா இருக்கணும். நம்ம ஏரிக்கரையில பின்னால என்ன இருக்கும்? சீமைக்கருவேல முள்ளு. அதுக்கு மேல கரண்ட் கம்பி. கார்பன்ல கரண்ட் பாயும்ங்கறதைப் பெட்டியிலயே போட்டிருக்கான், நாமதான் படிக்கறதில்ல. பூச்சி மூணு தடவை கருவேலத்துல மாட்டுச்சு, ஒரு தடவை என் சட்டைக் காலர்ல.

சித்திரை மாசம் இன்னொரு கூத்து. அந்த லைன் குளிர் தண்ணிக்குன்னு செஞ்சது. நம்ம ஊரு 40 டிகிரி வெயில்ல அது தொளதொளன்னு பிசுபிசுத்து, வளையத்துல வழுக்கவே மாட்டேங்குது. வெப்ப நாட்டுக்குன்னு தனி லைன் உண்டுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அது தனிக் காசு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இதுல ரெண்டு கோஷ்டி இருக்கு, ரெண்டு மேலயும் எனக்குக் கோபம்.

மொதல் கோஷ்டி, "காசு கொடுத்தா நல்ல சாமான், நல்ல சாமான்னா நல்ல மீனு" பார்ட்டி. வெளிநாட்டுல பெரிய பிராண்டு ராடு மட்டும் ஆயிரம் டாலரைத் தாண்டுது. அதாவது 80,000 ரூபாய்க்கு மேல. ராடு, ரீல், லைன் சேர்ந்த ஆரம்ப செட்டு 200 டாலர் வாக்குல அங்கேயே கிடைக்குது. இந்த ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் நிஜம்தான், இல்லேன்னு சொல்லல. ராடு லேசா இருக்கும், குறி தப்பாது. ஆனா அந்த வித்தியாசம் பல வருஷம் வீசிப் பழகின கைக்குத்தான் தெரியும். ரீல் இன்னும் மோசம். சின்ன மீனுக்கு அது லைனைச் சுத்தி வைக்கிற டப்பா, அவ்வளவுதான். அதுக்குப் பத்தாயிரம் எதுக்கு?

அதைவிட முக்கியம், எந்தத் தண்ணிங்கறது. ஃப்ளை பொறந்தது தெளிஞ்ச குளிர் ஓடைக்கு, மேல மிதக்கற பூச்சியைக் கண்ணால பாத்துத் தின்னுற ட்ரவுட்டுக்கு. நம்ம மாநிலத்துல அதுக்கு இடம் நீலகிரிதான். அவலாஞ்சியில 1907லயே ட்ரவுட் குஞ்சு பொரிக்கிற பண்ணை வச்சாங்க. நம்ம ஏரித் தண்ணி டீ கலர். கட்லா தண்ணியில மிதக்கற நுண்ணுயிரைத் தின்னும், மிர்கால் அடிச்சேத்தைக் கிளறும். அதுங்க எதுக்கு உன் இறகுப் பூச்சியைத் திரும்பிப் பாக்கப் போவுது? விரால் பாயும், ஜிலேபி கொத்தும், ஒத்துக்கறேன். அதுக்கு 38,000 வேணுமா?

மெட்ராஸ் சர்வீஸ்ல இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ்னு ஒரு துரை. 1873ல இந்தியாவுல தூண்டில் போடறதைப் பத்திப் பெரிய புத்தகம் எழுதினவர். அவரே 1887ல ஏரி, குளத்துல மீன் புடிக்கறதுக்குன்னு தனியா இன்னொரு புத்தகம் போட்டார். ஏரி வேற ஓடை வேறன்னு அந்த மனுஷனுக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கு. காவிரியில கர்நாடகப் பக்கம் மகசீர் முகாம்கள் நடந்த காலத்துல, கடல் தாண்டி ராடு கொண்டு வந்த வெள்ளைக்காரங்க முள்ளுல எதைக் கோத்தாங்க தெரியுமா? கேழ்வரகுக் களி உருண்டை!

ரெண்டாவது கோஷ்டி, "மூங்கில் குச்சியும் மண்புழுவும் போதும், மத்ததெல்லாம் பந்தா" பார்ட்டி. இவங்க பேச்சு கேக்க நல்லா இருக்கும். ஆனா போடறது என்ன? பொட்டிக்கடையில வெயில்ல தொங்கி வெளுத்துப்போன இருபது ரூபா தங்கூஸ். நல்ல விரால் இழுத்தா பட்டுனு அறுந்துடும். முள்ளை வாயோட சுமந்துகிட்டு மீன் போயிடும். அறுந்த நரம்பு கரையிலயே கிடக்கும். கால்ல அது சுத்தி நொண்டற கொக்கை நானே பாத்திருக்கேன். இதுக்குப் பேரு சிக்கனமா?

என் கட்சி இதுதான். மீனைத் தொடற பக்கம் காசு போடு, கை பிடிக்கிற பக்கம் மிச்சம் புடி. முள்ளும் நரம்பும்தான் மீனைத் தொடுது. நல்ல நரம்பு 300 ரூபாய், கூரான முள்ளு 100 ரூபாய். ஃபைபர் ராடும் சாதா ரீலும் 2,500க்குள்ள முடிஞ்சுடும். ஃபோட்டோவுல விழறது ராடுதான், அதனாலதான் அதுக்கு அந்த விலை.

பையனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். மாசம் ரெண்டு ஞாயிறு லீவு, வருஷத்துக்கு 24 நாள். ஏரி வத்தற மாசம், மழை, கல்யாணம் காட்சி போக 15 நாள் தேறும். மூணு வருஷம் விடாம போனாலும் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 850 ரூபாய், வட்டி தனி. அந்தக் காசுக்கு அம்மாவைக் கூட்டிட்டு சாத்தனூர் போய், அணையைச் சுத்திப் பாத்து, வறுத்த மீன் வயிறு முட்டத் தின்னுட்டு வரலாம். அணையில தூண்டில் போட அனுமதி வேற வேணும். பக்கத்துலயே முதலைப் பண்ணை. இடுப்பளவு தண்ணியில நின்னு ஸ்டைலா வீசற எண்ணம் இருந்தா இப்பவே விட்டுடுன்னேன்.

மூஞ்சி சுருங்கிப் போச்சு பாவம். "அப்ப அதுல ஒண்ணுமே இல்லியாண்ணா?"

இருக்கு. அதையும் மறைக்கக் கூடாது. லைன் காத்துல விரிஞ்சு போறதைப் பாக்கறதே ஒரு சுகம். முள்ளு சின்னது, மீனை வலிக்காம கழட்டி விடலாம். அந்த சுகத்துக்காக வாங்கறியா, தாராளமா வாங்கு. மீன் நிறைய விழும்னு நம்பிக் கடன் வாங்காதே. என் ராடு பரண்ல சும்மாதான் கிடக்கு, எடுத்துட்டுப் போ, முள்ளும் கம்பியும் இல்லாத கரையாப் பாத்து வீசுன்னேன்.

இந்த ஞாயிறு காலையில ரெண்டு பேரும் போனோம். மூணு மணி நேரம் வீசினான். மூணு ஜிலேபி, ஒவ்வொண்ணும் உள்ளங்கை அளவு. நாப்பது அடி தள்ளி ஒரு பெரியவர் மூங்கில் குச்சியும், மயிலிறகுத் தண்டுல செஞ்ச தக்கையும், மைதா உருண்டையுமா உக்காந்து அரை வாளி ரொப்பிட்டார். பையன் அவரையே பாத்துட்டு நின்னான். அப்புறம் பக்கத்துல போய், "தாத்தா, என்ன நரம்பு போட்டிருக்கீங்க?"ன்னு கேட்டான்.

ராடைக் கேக்கல பாருங்க, நரம்பைக் கேட்டான். எனக்கு அது போதும்.

ஆனா அந்த 38,000 செட்டை இன்னும் கார்ட்லேருந்து எடுக்கலியாம். அடுத்த மாசம் தள்ளுபடி வருதாம். ஒண்ணாந்தேதி சம்பளம் போட்டதும் நான் ஒருக்கா அந்தக் கடைப் பக்கம் போயிட்டு வரணும்.

டிஸ்கி: 80,000 ரூபாய் ராடு வச்சிருக்கற புண்ணியவான்கள் யாராவது இதைப் படிச்சா, பின்னூட்டத்துல வந்து கும்மலாம். எத்தனை கிலோ மீன் புடிச்சீங்கங்கறதையும் சேர்த்து எழுதணும், அது ஒண்ணுதான் கண்டிஷன் :-)