காப்பிக்கடை வாசலில் குழந்தை

கோபன்ஹேகனில் காப்பிக்கடை வாசலில் தள்ளுவண்டிக்குள் குழந்தை தூங்கும். தாய் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காப்பி குடித்துக்கொண்டிருப்பார். குளிர்காலத்திலும் இப்படித்தான். கழுத்துவரை கனத்த போர்வை, தலையில் கம்பளிக் குல்லாய். வெளிக்காற்றில் தூங்கினால் பிள்ளைக்கு உடம்புக்கு நல்லது என்பது டென்மார்க்காரர்களின் நம்பிக்கை. 1997-இல் நியூயார்க்கில் ஒரு டேனிஷ் தாய் இதையே செய்யப்போய்க் கைதானார். குழந்தையைச் சில நாள் பிரித்து வைத்தார்கள். அந்த ஊர்ப் போலீசைவிட இந்தத் தாயின் பக்கமே நியாயம் என்பேன். பிள்ளையை யாரும் தூக்கிப்போக மாட்டார்கள் என்று நம்புகிற நாடு டென்மார்க். கிராமப்புறச் சாலையோரங்களில் உருளைக்கிழங்கும் ஸ்ட்ராபெரியும் ஆளில்லாமல் விற்பனைக்கு இருக்கும். எடுத்துக்கொண்டு காசை டப்பாவில் போட வேண்டும். (இப்போது செல்போனிலும் கட்டலாம்.) ஆனால் இதே சாதுவான மனிதர்கள் சைக்கிள் பாதையில் வேறு ஆட்கள். அதில் கால் வைத்தால் மணி அலறும், திட்டும் விழலாம். வாடகைச் சைக்கிள் எடுக்கிறீர்களா? வலப்பக்கமாகவே ஓட்டுங்கள், நிறுத்துமுன் கையை உயர்த்திக் காட்டுங்கள். வாசலில் தூங்கும் பிள்ளையைப் பார்த்துப் பதறிப் போலீசைக் கூப்பிட்டுவிடாதீர்கள்.