ஜெர்சித் தீவின் இன்னொரு பண்ணை

ஜெர்சி மாட்டைத் தெரியாத உழவர் இன்று தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் ஜெர்சி என்பது ஒரு தீவின் பெயர் என்பதும், அத்தீவில் மாட்டுப் பண்ணைகளோடு வேறு வகையான பண்ணை ஒன்றும் உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது. உலகிலிருந்து மறையும் நிலையில் உள்ள விலங்குகளையும் பறவைகளையும் இனவிருத்தி செய்யும் பண்ணை அது. கால்நடை வளர்க்கும் சிறு விவசாயிகள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி அங்கே இருக்கிறது.

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலில் உள்ள ஜெர்சி, சுமார் 118 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறு தீவு. 1925இல் நம் நாட்டின் ஜாம்ஷெட்பூரில் பிறந்த ஜெரால்டு டரல் என்ற ஆங்கில எழுத்தாளர், 1959ஆம் ஆண்டு இத்தீவில் பழைய மாளிகை ஒன்றையும் அதைச் சேர்ந்த நிலத்தையும் குத்தகைக்கு எடுத்து ஒரு விலங்குக் காட்சிச்சாலையைத் தொடங்கினார். 1963இல் அதற்காக ஓர் அறக்கட்டளை ஏற்பட்டது. 1995இல் அவர் காலமான பின்னும் பணி தொடர்கிறது. மடகாஸ்கர் நாட்டு லெமூர், கொமோரோ தீவுப் பழந்தின்னி வௌவால், மொரீஷியஸ் நாட்டு இளஞ்சிவப்புப் புறா போன்றவை அங்கே பேணப்படுகின்றன. மனிதர் செயலால் பூண்டோடு அழிந்த டோடோ பறவையே அறக்கட்டளையின் சின்னம்.

வேடிக்கை காட்டுவது இங்கே முதல் நோக்கம் அன்று. அருகிவரும் இனத்தைப் பெருக்கி, அதன் சொந்த மண்ணிலேயே மீண்டும் விடுவதுதான் நோக்கம்.

அடை வைக்கும் கலை

மொரீஷியஸ் தீவின் இளஞ்சிவப்புப் புறாவுக்குக் காடழிப்பும், வெளியிலிருந்து வந்த எலி, பூனை, கீரி, குரங்கு ஆகியவையும் எமனாயின. 1990ஆம் ஆண்டு வாக்கில் காட்டில் எஞ்சியவை ஏறத்தாழ 10 புறாக்களே. நல்ல வேளையாக, 1970களிலேயே சில பறவைகள் பிடிக்கப்பட்டு, மொரீஷியஸிலும் ஜெர்சியிலும் இனவிருத்தி தொடங்கப்பட்டிருந்தது.

கூண்டில் இப்புறாக்கள் தம் முட்டைகளையும் குஞ்சுகளையும் சரிவரப் பேணவில்லை. வாத்து முட்டையைக் கோழிக்கு அடை வைக்கும் வழக்கம் நம் கிராமங்களில் உண்டு அல்லவா? அதே முறையில், வீட்டில் வளர்க்கும் வேறொரு புறா இனத்தை வளர்ப்புத் தாயாகப் பயன்படுத்திக் குஞ்சுகளைத் தேற்றினார்கள். 1987 முதல் பறவைகள் காட்டில் விடப்பட்டன. விட்ட பின்னும் தீவனம் வைத்தனர். எலி, பூனைகளைக் கட்டுப்படுத்தினர். இன்று காட்டில் சுமார் 500 புறாக்கள் உள்ளன.

எண்ணிக்கை மட்டும் போதாது

இத்துடன் கவலை தீர்ந்தது என்று எண்ணுவதற்கில்லை. இன்றுள்ள புறாக்கள் எல்லாம் மிகச் சில முன்னோடிகளின் வாரிசுகள். நெருங்கிய உறவுக்குள் இணை சேரும்போது குஞ்சு பொரிக்கும் திறன் குறைகிறது. பொரித்த குஞ்சுகளிலும் பல பிழைப்பதில்லை. எண்ணிக்கை கூடியும் பரம்பரைக் குணங்களின் பன்மை தொடர்ந்து குறைந்து வருவதாக 2022இல் வெளியான ஆய்வு கூறுகிறது. வெளிநாட்டுக் காட்சிச்சாலைகளில் உள்ள புறாக்களைக் கொண்டு புது இரத்தம் சேர்க்காவிட்டால், 50 முதல் 100 ஆண்டுகளுக்குள் இவ்வினம் காட்டில் அற்றுப்போகக்கூடும் என்பது அதன் முடிவு. அன்று வேறிடத்தில் சேமித்து வைத்த விதைதான் இன்று கைகொடுக்க வேண்டியுள்ளது.

நம் நாட்டிலும் இதே அறக்கட்டளை பங்கு கொள்ளும் திட்டம் ஒன்று உண்டு. அஸ்ஸாமின் உயர்ந்த புல்வெளிகளில் வாழும் குள்ளப் பன்றி உலகிலேயே மிகச் சிறிய பன்றி இனம். உயரம் சுமார் 25 சென்டிமீட்டர்தான். அழிந்தே போனதாகக் கருதப்பட்ட இவ்வினம் 1971இல் மீண்டும் கண்டறியப்பட்டது. 1996இல் மானஸ் காட்டிலிருந்து பிடித்த 6 பன்றிகளைக் கொண்டு குவஹாத்தியில் இனவிருத்தி தொடங்கியது. 2008 முதல் நூற்றுக்கு மேற்பட்டவை புல்வெளிகளில் விடப்பட்டுள்ளன. 2020இல் அஸ்ஸாமின் வீட்டுப் பன்றிகளிடையே ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவியபோது, இந்த மையத்தில் காவலும் தூய்மை விதிகளும் கடுமையாக்கப்பட்டன. கிருமி உள்ளே புகுந்தால் கால் நூற்றாண்டு உழைப்பு சில நாட்களில் வீணாகிவிடும் அல்லவா?

எது பாதுகாப்பு?

எங்கோ இருக்கும் புறாவுக்கும் பன்றிக்கும் இவ்வளவு செலவா என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானதே. பணம் படைத்தவர்கள் அயல்நாட்டு விலங்குகளை விலைக்கு வாங்கிக் கூண்டிலடைத்து அழகு பார்ப்பதும் பாதுகாப்பு என்ற பெயரில் நடக்கிறது. ஆகவே எந்தத் தனியார் பண்ணையையும் மூன்று கேள்விகளால் உரைத்துப் பார்க்க வேண்டும். முறையான வம்சாவளிப் பதிவேடு இருக்கிறதா? இனவிருத்தி நடக்கிறதா? சொந்த மண்ணுக்குத் திருப்பி அனுப்பும் திட்டம் உண்டா? மூன்றுக்கும் ஆம் என்ற விடை இருந்தால் அந்தச் செலவு வீண் அன்று. இல்லையெனில் அது வெறும் கூண்டுதான்.

தன் மாட்டைத் தானே காத்த தீவு

இந்த அறக்கட்டளைக்கு முன்பே ஜெர்சி மக்கள் தம் மாட்டினத்தைக் காக்கக் கற்றிருந்தனர். வெளி மாடு தீவுக்குள் வரக்கூடாது என்று 18ஆம் நூற்றாண்டிலேயே சட்டம் செய்து, 1789இல் அதைக் கடுமையாக்கினர். 1866இல் வம்சாவளிப் பதிவேடு தொடங்கினர். வெளிநாட்டுப் பொலிகாளைகளின் விந்தை இறக்குமதி செய்ய 2008இல்தான் அனுமதித்தனர். தம் இனத்தை இவ்வளவு கருத்தாகக் காத்தவர்களின் மாட்டைக் கொண்டு நாம் பால் பெருக்கினோம். அதில் தவறில்லை, கலப்பினப் பசு பல சிறு விவசாயிகளின் வீட்டில் அடுப்பெரியச் செய்திருக்கிறது. ஆனால் காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம், ஆலம்பாடி ஆகிய நம் இனங்களுக்கு அதே கவனத்தைக் கொடுத்தோமா? டிராக்டர் வந்து உழவு மாடு குறைந்தது. மேய்ச்சல் நிலம் சுருங்கியது. பல ஊர்களில் நல்ல பொலிகாளையே இல்லை. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் தம் தொழுவத்தில் காங்கேயம் இனத்தைப் பேணி வளர்த்ததைப் போன்ற முயற்சிகள் இன்னும் பெருக வேண்டும்.

சிறு விவசாயிகள் செய்யக்கூடியவையும் உண்டு. நாட்டினப் பசு வைத்திருப்போர் எல்லாப் பசுக்களுக்கும் கலப்பின ஊசி போடாமல், தரமான ஒன்றிரண்டையாவது அதே இனக் காளையுடன் சேர்க்க வேண்டும். நான்கைந்து பேர் கூடி ஒரு பொலிகாளையை வளர்க்கலாம். அதன் கிடேரிகள் பருவத்துக்கு வருமுன், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, அதை வேறு ஊர்க் காளையோடு மாற்றிக்கொள்ள வேண்டும். எந்தக் கன்று எந்தக் காளைக்குப் பிறந்தது என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறிக்க வேண்டும். சந்தையில் வாங்கிய மாட்டைச் சில வாரங்கள் தனியே கட்டிவைத்த பின்னரே மந்தையில் சேர்க்க வேண்டும்.

பத்துப் புறாக்கள் எஞ்சும் வரை காத்திருந்ததன் விலையை மொரீஷியஸ் இன்றும் கொடுத்து வருகிறது. நம் தொழுவங்களில் நாட்டு மாடுகள் இன்னும் இருக்கின்றன. அவை இருக்கும்போதே காப்பது எளிது, செலவும் குறைவு.