இலையைத் திருப்பிப் பாருங்கள்

ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ சென்று திரும்பும் நம் பங்குக் குடும்பத்தார் பலர், பையில் ஒரு பொருளைக் கொண்டுவருவது வழக்கமாகிவிட்டது. பழுப்பு ரோமம் போர்த்து, ஆட்டின் காலை நறுக்கி வைத்தாற்போல் இருக்கும். முடவாட்டுக்கால் என்பது அதன் பெயர். ஆட்டுக்கால் கிழங்கு என்பாரும் உளர். மேல்தோலைச் சீவி, மிளகும் சீரகமும் இட்டுச் சூப்பு வைத்தால் அசைவச் சூப்பின் சுவை தரும் என்கிறார்கள். ஆதலால் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் இதற்குத் தனி மதிப்பு! திருச்சபைச் சட்டப்படி இதில் குற்றமில்லை. புலால் தவிர்த்தலின் உட்கருத்து இதுதானா என்பதை அவரவர் மனச்சான்றுக்கே விட்டுவிடுகிறோம்.

விற்பவர் தருவது உண்மையான முடவாட்டுக்கால்தானா என்று எங்ஙனம் அறிவது? இவ்வினாவை நம்மிடம் கேட்போர் பலர்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். கிழங்கு என்று அழைக்கிறோமேயன்றி, இது கிழங்கன்று, மண்ணுக்குள் விளைவதுமன்று. மரக்கிளையின் மீதும் பாறையின் மீதும் ஊர்ந்து செல்லும் தண்டு இது. செடியோ பெரணி வகையைச் சேர்ந்தது. பெரணிக்குப் பூ இல்லை, காய் இல்லை, விதையும் இல்லை. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் இதற்குப் பெயரிட்டபோது, ஓக் மரத்து இலை போன்ற இலையுடையது என்னும் பொருளில் 'குவெர்சிஃபோலியா' என்றார். பின்னர் 1841-இல் டிரைனேரியா என்னும் பேரினத்தில் இது சேர்க்கப்பட்டது. இந்தியாவைக் கண்ணாலும் கண்டிராத லின்னேயஸ், உலர்ந்த மாதிரிகளையும் பிறர் எழுதிய நூல்களையும் கொண்டே நம் நாட்டுச் செடிகள் பலவற்றுக்குப் பெயர் சூட்டினார் என்பது வியப்புக்குரியது.

சந்தையில் தண்டை மட்டும் பார்த்து அடையாளம் காண்பது கடினம். இலையோடு பார்க்க வேண்டும். இச்செடிக்கு இலை இருவகை. தண்டை ஒட்டி, காம்பின்றி, கிண்ணம்போல் குவிந்து நிற்பது ஒன்று. அது விரைவில் பழுப்பேறி உலர்ந்துவிடும், ஆயினும் உதிராது. காட்டிலிருந்து விழும் சருகையும் தூசியையும் அது ஏந்திக்கொள்ள, அவை மக்கி உரமாகின்றன. மண்ணைத் தொடாத செடி, தனக்கு வேண்டிய மண்ணைத் தானே ஆக்கிக்கொள்கிறது! மற்றொரு வகை இலை பச்சை நிறமானது, காம்புடையது, ஏறத்தாழ ஒரு மீட்டர்வரை நீண்டு, நடுநரம்பின் இருபுறமும் ஆழமாகப் பிளந்திருக்கும். உலர்ந்த இலைகளைக் கண்டு செடி பட்டுப்போயிற்று என எண்ணிப் பிடுங்கி எறிவோர் உண்டு.

இனி அந்தப் பச்சை இலையைத் திருப்பிப் பாருங்கள். பக்க நரம்புகளுக்கிடையே சிறு பொட்டுகள் இரண்டு வரிசையாக அமைந்திருக்கும். பூச்சி முட்டை என்றும் நோய் என்றும் பலர் கருதுவது இதனையே. பெரணியின் வித்துத்தூள் அங்கேதான் பிறக்கிறது. பொட்டுகளின் வடிவம், அவை அமைந்த வரிசை, அவற்றை மூடும் சவ்வு உண்டா இல்லையா (முடவாட்டுக்காலுக்கு இல்லை) என்பவற்றைக் கொண்டே அறிஞர் பெரணிகளைப் பிரித்தறிகின்றனர்.

காற்றில் பறந்த தூள் ஈரமான இடத்தில் விழுந்தால், உடனே பெரணி முளைப்பதில்லை. நகத்தளவும் இல்லாத, இதய வடிவான பச்சைத் தகடு ஒன்று தோன்றும். அதன்மேல் படர்ந்த நீரில் ஆண் உயிரணு நீந்திச் சென்று பெண் அணுவை அடைந்தாலன்றிப் புதிய பெரணி இல்லை. இம்மறையை 1851-இல் விளக்கியவர் ஹோஃப்மைஸ்டர் என்னும் ஜெர்மானியர்; தந்தையாரின் இசைநூல் பதிப்பகத்தில் பணியாற்றிக்கொண்டே தாமாகப் பயின்றவர். ஈரமும் நிழலும் நீங்கின், முதிர்ந்த பெரணி சில காலம் நின்றாலும் அதன் பிள்ளைகள் பிறவா. நீலகிரி, பழனிச் சோலைகளில் பனைபோல் நிமிர்ந்து நிற்கும் மரப்பெரணிக்கும் இதே நிலைதான்.

இத்துறையில் நம் குருக்களின் உழைப்பைப் பலர் அறியார். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியைச் சேர்ந்த சேசு சபைக் குரு வி. எஸ். மாணிக்கம், பழனி மலைப் பெரணிகளைப் பற்றி 1986-இல் ஒரு நூலும், இருதயராஜ் என்பாருடன் சேர்ந்து மேற்குத் தொடர்ச்சி மலைப் பெரணிகளைப் பற்றி 1992-இல் மற்றொரு நூலும் வெளியிட்டார். குருவுக்குச் செடியோடு என்ன வேலை என்று வினவுவோர், சாலமோன் அரசர் லெபனோனின் கேதுரு முதல் சுவரில் முளைக்கும் ஈசோப்புவரை பேசினார் என்பதை 1 அரசர் நூலில் காண்க.

மூட்டுவலிக்கு இதுவே கைகண்ட மருந்து என்று கூவி விற்கிறார்கள். சூப்பு குடியுங்கள், ஆனால் அதை நம்பி, வீங்கிய முழங்காலோடு மருத்துவரை நாடாமல் வீட்டில் இருக்க வேண்டாம். நம்மை அதைவிட உறுத்துவது வேறொன்று. தண்டின் வளரும் நுனியையும் விடாது முழுச் செடியையும் உரித்தெடுத்தால், அக்கிளையில் அது மீண்டும் தழைக்காது. சாலையோரத்தில் கூறு வைத்து விற்கும் மலைவாழ் பெண்ணைப் பழிப்பது நம் நோக்கமன்று. அன்றைய அரிசிக்கு அவள் வேறெங்கே போவாள்? நுனியை விட்டுப் பின்பகுதியை மட்டும் வெட்டினாயா அம்மா என்று வாங்குபவர் கேட்கலாம். அவ்வாறு வெட்டியதற்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

நாம் வாங்கிய துண்டிலேயே ரோமம் அடர்ந்த நுனி வாடாமல் இருப்பின், அதைச் சட்டியில் போட வேண்டாம். சாமல்பட்டி வெயில் கடுமையானதுதான். ஆயினும் வீட்டு மாமரத்தின் நிழலான கவட்டில், தேங்காய் நாரை அணைவாக வைத்து அதைக் கட்டி, கோடை முழுதும் காலையும் மாலையும் நீர் தெளித்து வாருங்கள்.